வேண்டும் சொல்லும் அறிவிக்கும் சொல்லும்: நோயுற்ற குழந்தையின் படுக்கையருகே ஜெபம்

ஒரு குழந்தைக்குக் கொடிய நோய் இருப்பதாக மருத்துவர் அறிவித்த பின் கிறித்தவக் குடும்பம் ஒன்றின் வாசலுக்கு முதலில் வந்துசேர்வது பெரும்பாலும் ஜெபமே. உறவினர் வருவதற்கு முன்பே தொலைபேசி வழியாக ஜெபம் வந்துவிடுகிறது. சபைக் குழுக்களில் குழந்தையின் பெயர் பகிரப்படுகிறது. உபவாச நாள் குறிக்கப்படுகிறது. போதகரோ பங்குத்தந்தையோ மருத்துவமனைக்கு வருகிறார். இந்தியாவில் நோய் பற்றிய சமூக ஆய்வுகள் மருத்துவச் செலவையும் மருத்துவமனை அணுக்கத்தையும் பெற்றோரின் கல்வியையும் கணக்கெடுக்கின்றன. குடும்பத்தின் காதில் நாள்தோறும் விழுந்துகொண்டேயிருக்கும் இந்த ஜெப மொழியை அவை அரிதாகவே கருத்தில் கொள்கின்றன. சமயத்தை மதிப்போர் அதைக் கேள்விக்கு அப்பாற்பட்டதாக ஒதுக்கிவிடுகின்றனர். சமயத்தை ஏற்காதோர் பொருட்படுத்தத்தகாத ஒன்றாக ஒதுக்கிவிடுகின்றனர். இரு தரப்பும் ஒதுக்கிவிட்ட இடத்தில்தான் ஒரு குழந்தையின் உயிர் சில வேளைகளில் ஊசலாடுகிறது.

ஆய்வுலகம் ஜெபத்தை நோக்கிக் கேள்வி எழுப்பாமல் இல்லை. 1872-இல் பிரான்சிஸ் கால்டன், மக்கள் இடைவிடாது யாருடைய நீண்ட ஆயுளுக்காக வேண்டுகிறார்களோ அந்த அரச குடும்பத்தினர் பிறரைவிட நெடுநாள் வாழ்கிறார்களா என்று புள்ளிவிவரம் கொண்டு ஆராய்ந்தார். இல்லை என்று கண்டார். 2006-இல் அமெரிக்காவில் ஹெர்பர்ட் பென்சன் குழுவினர் இதய அறுவைச் சிகிச்சை பெற்ற 1802 பேரிடம் நடத்திய ஆய்வு வெளிவந்தது. ஜெபிக்கப்பட்டவர்களுக்கும் ஜெபிக்கப்படாதவர்களுக்கும் இடையே, ஜெபம் நடப்பது உறுதியாகத் தெரியாத நிலையில், சிக்கல்களின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை: 52 விழுக்காடும் 51 விழுக்காடும். தமக்காக ஜெபம் நடக்கிறது என்று உறுதியாக அறிந்திருந்தவர்களிடத்திலோ சிக்கல்கள் 59 விழுக்காடாக இருந்தன.

இந்த ஆய்வை வைத்துக்கொண்டு ஜெபம் பயனற்றது என்று முடிவுகட்டுவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. அதில் ஜெபித்தவர்கள் நோயாளியைக் கண்டறியாதவர்கள். நோயாளியின் முதற்பெயரும் குடும்பப் பெயரின் முதலெழுத்தும் மட்டுமே அவர்களுக்குத் தரப்பட்டன. மாத்திரையை அளந்து கொடுப்பதுபோல ஜெபம் 14 நாள்களுக்கு அளந்து கொடுக்கப்பட்டது. குழந்தைகள் நோய்ப்பிரிவில் நடப்பது இதுவன்று. அங்கே ஜெபிப்பவர் படுக்கையருகே நிற்கிறார், தாய் கேட்டுக்கொண்டிருக்கிறாள், தந்தை கதவோரம் சாய்ந்திருக்கிறார், குழந்தை கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் செவிமடுக்கிறது. கடவுள் அந்த ஜெபத்தைக் கேட்கிறாரா என்பது இறையியலின் வினா. மனிதர்கள் மூவர் அதைக் கேட்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. அந்த மூவரிடத்தில் அது என்ன செய்கிறது என்பதே ஆய்வாளர்கள் கேட்டிருக்க வேண்டிய வினா.

இதற்கு ஒரு குறிப்பிட்ட நோயின் நாட்காட்டியை எடுத்துக்கொள்வது பயன்தரும். குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இரத்தப் புற்றுநோய். அதிலும் பெரும்பான்மை கடிய நிணநீர்ச்செல் வகை. அதன் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை நீள்வது. முதற்கட்டம் ஏறத்தாழ நான்கு வாரங்கள். அந்த நான்கு வாரங்களின் முடிவில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நோய் தணிந்துவிடுகிறது. காய்ச்சல் நின்று, இரத்த அணுக்களின் எண்ணிக்கை சீராகி, குழந்தை எழுந்து விளையாடத் தொடங்குகிறது. எலும்பு மச்சையை நுண்ணோக்கியில் பார்க்கும்போது நோய் அணுக்கள் ஏறக்குறைய மறைந்துபோயிருக்கின்றன. ஆனால் நுண்ணோக்கிக்குப் புலப்படாத அளவில் கோடிக்கணக்கான அணுக்கள் உடலில் எஞ்சியிருக்கக்கூடும். அடுத்துவரும் மாதங்களின் தீவிர மருந்துகளும், அதன் பின் ஓராண்டுக்கும் மேலாக நாள்தோறும் வாரந்தோறும் உட்கொள்ள வேண்டிய மாத்திரைகளும் அந்த எஞ்சியவற்றை அழிப்பதற்கானவை. இடையில் நிறுத்தினால் நோய் திரும்புகிறது. திரும்பிய நோயைக் குணப்படுத்துவது முதல்முறையைவிடப் பன்மடங்கு கடினம்.

ஆக, இந்த நோயில் மிக ஆபத்தான நாள் குழந்தை மிகவும் நலமாகத் தோன்றும் நாள்தான். அந்த நாளில்தான் சாட்சி சொல்லும்படி குடும்பம் அழைக்கப்படுகிறது. நான்கு வாரங்களுக்கு முன் துவண்டு கிடந்த குழந்தை மேடையில் நிற்கிறது. கர்த்தர் சுகம் தந்துவிட்டார் என்று அறிவிக்கப்படுகிறது. கூடியிருப்போர் கண்ணீர் மல்குகின்றனர். அந்தக் கண்ணீர் பொய்யன்று. பெற்றோரின் நன்றியும் பொய்யன்று. ஆனால் அந்த அறிவிப்புக்குப் பின் மருத்துவமனைக்குத் திரும்பிச் செல்வது, ஊர் முன்னிலையில் பெற்ற வரத்தைச் சந்தேகிப்பது போலாகிவிடுகிறது. சுகம் கிடைத்த பின் மாத்திரை எதற்கு என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. அந்தக் கேள்வி பெற்றோரின் மனத்திலேயே முளைத்துவிடும். கூலியை இழந்து, நிலத்தை அடகுவைத்து, நூற்றுக்கணக்கான கல் தொலைவு பயணம் செய்யும் ஒரு தந்தைக்கு அந்தக் கேள்வி எவ்வளவு இனிமையானதாக இருக்கும் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி, வளம் மிக்க நாடுகளில் புற்றுநோயுற்ற குழந்தைகளில் 80 விழுக்காட்டினருக்கும் மேல் குணமடைகின்றனர். வருவாய் குறைந்த நாடுகள் பலவற்றில் 30 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களே குணமடைகின்றனர். இந்த இடைவெளிக்கு அந்த அமைப்பு சுட்டும் காரணங்களுள் சிகிச்சையை இடையில் கைவிடுதலும் ஒன்று. கைவிடுவதற்கு வறுமையும் தொலைவும் தவறான அறிவுரையும் மருந்தின் பக்கவிளைவு குறித்த அச்சமும் காரணங்களாகின்றன. பெண் குழந்தை என்பதும் ஒரு காரணமாகிறது. எல்லாப் பழியையும் சமயத்தின் மேல் சுமத்துவது நேர்மையாகாது. ஆயினும் இத்தனை காரணங்களும் ஒரு குடும்பத்தை வீட்டை நோக்கி இழுக்கும்போது, கைவிடுதலுக்கு விசுவாசம் என்னும் மதிப்புமிக்க பெயரைச் சூட்டித் தருவது சாதாரணச் செயலன்று. வறுமையால் திரும்பும் குடும்பம் மீண்டும் வரக்கூடும். வெற்றி முழக்கத்தோடு திரும்பிய குடும்பம் மீண்டும் வருவதற்கு வெட்கப்படும்.

இவ்விடத்தில் தமிழ் இலக்கணம் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்குகிறது. வியங்கோள் வினைக்கு வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் என்னும் நான்கு பொருள்கள் உண்டு. 'இக்குழந்தை நலம் பெறுக' என்பது வேண்டல். அது நடந்ததாகச் சொல்லவில்லை. நடக்கும் என்றும் உறுதி கூறவில்லை. நடக்க வேண்டும் என்னும் விருப்பத்தை மட்டுமே உரைக்கிறது. எனவே அது பொய்யாக இயலாது. 'இக்குழந்தை நலம் பெற்றுவிட்டது' என்பதோ இறந்தகால வினைமுற்று. அது உண்மையா பொய்யா என்று சோதிக்கத்தக்கது. பொய்யாகும்போது அதற்கு விலை உண்டு. அந்த விலையைச் செலுத்துவது அறிவித்தவர் அல்லர், குழந்தை. ஜெபம் வியங்கோளில் நிற்கும்வரை மருத்துவத்துக்கும் அதற்கும் பகையில்லை. அது இறந்தகாலத்துக்குத் தாவும் கணத்தில் ஆய்வக அறிக்கையின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

ஜெபம் தரக்கூடிய இரண்டாவது தீங்கு விளக்கம் சொல்லுதல். நோய் ஏன் வந்தது என்று வீட்டில் யாரும் கேட்பதற்கு முன்பே பதில் வந்துவிடுகிறது. பெற்றோர் அறிந்தோ அறியாமலோ செய்த பாவம், முன்னோரின் சாபம், ஜெபவாழ்வில் ஏற்பட்ட தளர்ச்சி, விசுவாசக் குறைவு. ஜெபத்தின் நடுவே இவை மெல்லிய குரலில் நுழைகின்றன. பாவத்தை மன்னித்தருளும் என்று தொடங்கும் வேண்டுதலைக் கேட்கும் தாய், எந்தப் பாவம் என்று தேடத் தொடங்குகிறாள். கருவுற்றிருந்தபோது உண்டதையும் உண்ணாததையும், வேலைக்குப் போனதையும், காய்ச்சலை இரண்டு நாள் கழித்துக் காட்டியதையும் கணக்குப்போடுகிறாள். குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்குப் பெற்றோரின் செயல் எதுவும் காரணமன்று. மருத்துவர் இதைச் சொல்லியிருப்பார். ஆனால் மருத்துவர் பேசுவது ஐந்து நிமிடம், ஊரார் பேசுவது நாள் முழுதும்.

வியப்பு என்னவென்றால், இத்தகைய விளக்கங்களை விவிலியமே வன்மையாக மறுக்கிறது. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைக் கண்டு இது இவன் பாவமா, இவன் பெற்றோர் பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டுமில்லை என்று இயேசு மறுத்ததை யோவான் நற்செய்தியின் 9-ஆம் அதிகாரம் பதிவு செய்கிறது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறவாமல் அவனோடு தரையில் அமர்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்களே. பேசத் தொடங்கி, துன்பத்துக்குக் காரணம் சொல்லத் தொடங்கிய பின்னரே அவர்கள் தவறிழைத்தார்கள். நூலின் முடிவில் கடவுள் கண்டிப்பது கடவுளோடு வழக்காடிய யோபுவை மட்டுமன்று. கடவுளுக்கு ஆதரவாகப் பேசிய நண்பர்களின் மேல்தான் சினம் மூள்கிறது. துன்பப்படுபவனிடம் கடவுளை நியாயப்படுத்துவது கடவுளுக்கே ஏற்புடையதன்று என்னும் இக்கருத்து, ஆறுதல் சொல்லச் செல்லும் ஒவ்வொருவரும் கற்றுச் செல்ல வேண்டிய பாடம்.

விசுவாசக் குறைவு என்னும் குற்றச்சாட்டுக்கும் அந்நூலிலேயே பதில் உண்டு. மாற்கு நற்செய்தியின் 9-ஆம் அதிகாரத்தில் வலிப்பு நோய் போன்ற துன்பத்தால் வாடும் மகனை ஒரு தந்தை அழைத்துவருகிறார். தம்மிடம் நம்பிக்கையும் இருக்கிறது, நம்பிக்கையின்மையும் இருக்கிறது என்று அவர் அழுதபடி ஒப்புக்கொள்கிறார். அந்த ஒப்புதலுக்காக அவர் திருப்பி அனுப்பப்படவில்லை. 7-ஆம் அதிகாரத்தில் வரும் பிற இனத்துத் தாய், மகளுக்காக வாதாடுகிறாள், எதிர்த்துப் பேசுகிறாள், வெல்கிறாள். இரண்டாம் இராஜாக்கள் நூலில், சூனேம் ஊர்ப் பெண் எலிசாவைக் கடிந்துகொள்கிறாள். பிள்ளை வேண்டுமென்று நானா கேட்டேன் என்னும் தொனியில் அவள் பேச்சு அமைகிறது. இவர்கள் யாரும் இனிய சொல் பேசும் அடக்கமான பக்தர்களாகக் காட்டப்படவில்லை.

குணம் கிடைக்காத குழந்தைகளும் அந்நூலில் உண்டு. தாவீது நோயுற்ற தன் குழந்தைக்காக உண்ணாமல் தரையில் கிடந்து வேண்டுகிறான். ஏழாம் நாள் குழந்தை இறந்துவிடுகிறது. அக்கதையில் குழந்தையின் மரணம் தந்தையின் பாவத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறது என்பதை மறைக்கத் தேவையில்லை. பாவமே காரணம் என்போர் அடிக்கடி நாடுவது அப்பகுதியைத்தான். ஆனால் அக்கதையைக் கொண்டு எல்லாக் குழந்தைகளின் நோய்க்கும் பொதுவிதி வகுப்பதை யோபுவின் நூலும் யோவான் நற்செய்தியும் தடுத்துவிடுகின்றன. மேலும், பிள்ளைகளை இழந்து அழும் ராகேல் ஆறுதல் பெற மறுக்கிறாள் என்று எரேமியா எழுதியதை மத்தேயு தம் நற்செய்தியின் தொடக்கத்திலேயே எடுத்தாள்கிறார். ஆறுதலை மறுக்கும் உரிமை ஒரு தாய்க்கு உண்டு என்பதை ஏற்ற மரபு அது. சங்கீதங்களில் பெருந்தொகுதியாக இருப்பவை புலம்பற் பாடல்களே. ஆயினும் இன்றைய வழிபாட்டு மேடைகள் பலவற்றில் புகழ்ச்சிக்கு இருக்கும் இடம் புலம்பலுக்கு இல்லை. அழுவதற்கு இடம் தராத சபையில் நோயுற்ற குழந்தையின் தாய் புன்னகையை நடிக்கக் கற்றுக்கொள்கிறாள்.

நடிப்பின் சுமை குழந்தையின் மேலும் இறங்குகிறது. மானிடவியலாளர் மைரா புளூபாண்ட்-லாங்னர் 1978-இல் வெளியிட்ட நூல், இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளிடையே அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் நடத்திய களஆய்வின் விளைவு. பெரியவர்கள் யாரும் சொல்லாமலேயே தம் நோயின் தன்மையையும் முடிவையும் குழந்தைகள் அறிந்திருந்தனர் என்பதையும், பெற்றோர் தாங்கமாட்டார்கள் என்பதற்காக அறியாததுபோல் நடந்துகொண்டனர் என்பதையும் அவர் காட்டினார். இந்தியக் குடும்பங்கள் பலவற்றில் நோயின் பெயரைக் குழந்தையிடம் சொல்வதில்லை. ஆனால் அதே குழந்தையின் தலைமேல் கைவைத்து உரத்த குரலில் ஜெபிக்கும்போது நோயின் பெயரும் மரண பயமும் ஒளிவுமறைவின்றி வெளிவந்துவிடுகின்றன. குழந்தையிடம் பேசப்படாத உண்மை, குழந்தையைப் பற்றிக் கடவுளிடம் பேசப்படுகிறது. குழந்தை அதைக் கேட்கிறது. கேள்வி கேட்க மட்டும் அதற்கு அனுமதியில்லை.

இவ்வளவும் கூறுவது ஜெபத்தை நோய்ப்பிரிவிலிருந்து அகற்றுவதற்காகவா? அவ்வாறு அகற்றுவது எளிதுமன்று, நல்லதுமன்று. இந்தியாவில் நவீன மருத்துவத்தின் வரலாற்றில் ஜெபமும் மருந்தும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த நிறுவனங்கள் பல. 1894-இல் எடித் பிரௌன் லூதியானாவில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். 1900-இல் ஐடா ஸ்கடர் வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் மருத்துவப் பணியைத் தொடங்கினார். இன்று மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள் ஆகியவற்றிலிருந்து நோயுற்ற குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வேலூருக்கு வரும் குடும்பங்களில் பெரும்பாலோர் கிறித்தவர் அல்லர். இந்நிறுவனங்களை நிறுவியோர் ஜெபித்தவர்கள். ஜெபித்த கையோடு அறுவைக் கருவியையும் எடுத்தவர்கள். ஜெபித்ததனால் மருந்தைத் தவிர்க்கலாம் என்று அவர்கள் கருதியிருந்தால் அந்தக் கட்டடங்கள் எழும்பியிருக்கமாட்டா.

நோய்தணிப்புப் பராமரிப்பின் வரலாறும் இதையே சொல்கிறது. 1967-இல் இலண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ் ஆழ்ந்த கிறித்தவ நம்பிக்கையுடையவர். நோயாளியின் வலி உடல், உள்ளம், சமூகம், ஆன்மா என்னும் நான்கு தளங்களிலும் இருக்கிறது என்பதை 'முழுமை வலி' என்னும் கருத்தாக்கத்தால் அவர் விளக்கினார். ஆன்மாவின் வலியைப் பேசிய அவரே மார்ஃபினை உரிய அளவில், உரிய நேரத்தில், தவறாமல் கொடுக்க வேண்டும் என்பதை உலகுக்குக் கற்பித்தவர். 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கப்பட்ட வலி நிவாரண, நோய்தணிப்பு அமைப்பு வழியாகக் கேரளத்தில் இது மக்கள் இயக்கமாக விரிந்தது. அங்கே பல சமயத்தாரும் சமயம் சாராதோரும் தன்னார்வலர்களாக வீடுவீடாகச் செல்கின்றனர்.

மிசோரமில் இன்னொரு வடிவம் காணக்கிடைக்கிறது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு 87 விழுக்காட்டினர் கிறித்தவர். 1935-இல் தோன்றிய இளைஞர் அமைப்பு, பிற்காலத்தில் இளம் மிசோ சங்கம் என்று பெயர்பெற்றது. ஒரு வீட்டில் மரணம் நேர்ந்தால் அச்சங்கத்தினர் குழி தோண்டுகின்றனர். துயருற்றோரைத் தனியே விடாமல் இரவுகளில் வந்து அமர்ந்து பாடுகின்றனர். தன்னலம் கருதாமல் பிறர்க்கு உதவுதல் என்னும் பழைய மிசோ அறமும் கிறித்தவ வழிபாடும் அங்கே ஒன்றிணைந்துள்ளன. ஆறுதல் என்பது அவர்களுக்குச் சொல்லப்படுவதற்கு முன் செய்யப்படுவது.

இவ்வேறுபாட்டைச் சட்டம் பிடித்துக்கொள்ள முயலும்போது தடுமாறுகிறது. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாயத் தீர்வுகள் விளம்பரத் தடைச் சட்டம், மந்திரத்தாலும் தாயத்தாலும் புற்றுநோய் உள்ளிட்ட நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதைக் குற்றமாக்குகிறது. அங்கே குறி விளம்பரத்தின் மேல், அதாவது அறிவிப்பின் மேல் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் அசாம் சட்டமன்றம், தீய குணமாக்கல் நடைமுறைகளைத் தடுப்பதற்கான சட்டமுன்வரைவை நிறைவேற்றியது. மதப்பரப்பலைக் கட்டுப்படுத்துவதும் அதன் நோக்கம் என்று அம்மாநில முதலமைச்சர் கூறினார். ஜெபம் மாயவித்தையன்று, நோயுற்றோருக்காக வேண்டுவது எல்லாச் சமயங்களுக்கும் பொதுவானது என்று கிறித்தவ அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. எதிர்ப்பு நியாயமானதே. வேண்டுதலைக் காவல்துறையின் பார்வைக்குக் கொண்டுவரும் அரசு, படுக்கையருகே தாயின் கையைப் பற்றிக்கொண்டிருக்கும் அண்டை வீட்டுப் பெண்ணையும் குற்றவாளியாக்கிவிடும். ஆனால் அந்த எதிர்ப்பு முழு நேர்மை பெற வேண்டுமாயின், தம் மேடைகளில் இறந்தகாலத்தில் பேசப்படும் அறிவிப்புகளைத் திருச்சபைகள் தாமே கட்டுப்படுத்த வேண்டும். வெளியிலிருந்து வரும் தணிக்கையை மறுப்போர்க்கு உள்ளிருந்து எழும் ஒழுங்கு கடமையாகிறது.

அந்த ஒழுங்கு நடைமுறையில் எளிதானதே. சிகிச்சை முடிந்து, மருத்துவர் உறுதி செய்யும்வரை எந்தக் குழந்தையையும் சாட்சிக்காக மேடையேற்றலாகாது. நோய்க்குக் காரணம் கூறும் எந்த வாக்கியமும் ஜெபத்தில் இடம்பெறலாகாது. குழந்தையின் முன்னிலையில் ஜெபிப்பவர் குழந்தைக்குப் புரியும் சொற்களில், சுருக்கமாக, முடிந்தால் குழந்தையின் விருப்பத்தைக் கேட்ட பின்னர் ஜெபிக்க வேண்டும். ஜெபக்குழு மருந்தின் நாட்காட்டியையும் அறிந்திருக்க வேண்டும்: அடுத்த மருத்துவமனைப் பயணம் எந்த நாள், இரத்தம் யார் தருவது, வீட்டிலிருக்கும் மற்ற பிள்ளைக்கு உணவளித்துப் பள்ளிக்கு அனுப்புவது யார், வாடகை எவ்வளவு நிலுவை. யாக்கோபின் நிருபம் 5-ஆம் அதிகாரத்தில் நோயுற்றோருக்காக மூப்பர்கள் ஜெபிக்கச் சொல்கிறது. அதே நிருபம் 2-ஆம் அதிகாரத்தில், உணவும் உடையும் இல்லாதவனை வாழ்த்துச் சொல்லி மட்டும் அனுப்பிவைப்பதைப் பயனற்றது என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிப்பதே முறை.

குணத்துக்காக வேண்டக்கூடாது என்று இதற்குப் பொருளில்லை. கெத்சமனேயில் இயேசு தம் துன்பம் நீங்கவே வேண்டினார். விடையைத் தந்தையிடம் விட்டுவிட்டார். கேட்பதும் விட்டுவிடுவதும் ஒரே ஜெபத்தில் அடங்கும். அத்தகைய ஜெபத்தைக் கேட்கும் பெற்றோர், குழந்தை பிழைத்தால் நன்றி கூறலாம். பிழைக்காவிட்டால் தம்மைக் குற்றவாளிகளாகக் கருத வேண்டியதில்லை. நடந்துவிட்டதாக அறிவிக்கும் ஜெபமோ இரண்டாம் நிலைக்கு எந்தச் சொல்லையும் விட்டுவைப்பதில்லை. குழந்தை இறந்த வீட்டில் அறிவித்தவர்களின் வருகை நின்றுபோவதற்குக் காரணம் பெரும்பாலும் கல்நெஞ்சன்று. அவர்களிடம் சொல் தீர்ந்துபோயிருக்கும்.

சமயம், மருத்துவ மானிடவியல், பொதுச் சுகாதாரம் ஆகிய துறைகளில் ஆய்வு செய்யும் மாணவர்கள் கவனிக்க வேண்டிய களம் இது. எத்தனை பேர் ஜெபித்தார்கள், எத்தனை பேர் குணமடைந்தார்கள் என்னும் எண்ணிக்கையைவிட, எந்த வாரத்தில் எந்த வாக்கியம் சொல்லப்பட்டது, அதன் பின் குடும்பம் அடுத்த மருத்துவமனைத் தேதிக்குச் சென்றதா என்பதே பதிவு செய்யத்தக்கது. தமிழில் சூடும் ஆறுகிறது, புண்ணும் ஆறுகிறது, மனமும் ஆறுகிறது. மூன்றுக்கும் காலம் வேண்டும். இரத்தப் புற்றுநோய்க்கு அந்தக் காலம் இரண்டு, மூன்று ஆண்டுகள். அத்தனை நாளும் உடன் வரக்கூடிய ஜெபமே ஒரு குடும்பத்துக்கு ஆறுதல் என்று சொல்லத்தகும்.